கரு கிடைக்கலைன்னு சொல்றவங்களுக்கு



நம்ம இதழோட சிறுகதைப் போட்டிக்கு வந்த கதைகளை இந்த முறை நான்தான் முதலில் உட்கார்ந்து படித்தேன். "அக்கா, உங்களுக்குத்தான் பிளேஸ்மென்ட் முடிஞ்சிடுச்சே, நீங்க படிங்க" என்று ஆசிரியர் குழுவில் இருக்கிற ஜூனியர்ஸ் மொத்தத்தையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். சந்தோஷமாகத்தான் படித்தேன். ஆனால் முடித்தபோது ஒரு விஷயம் மண்டையைக் குடைய ஆரம்பித்தது.

பாதிக்கு மேற்பட்ட கதைகளில் மழை பெய்கிறது. ஹீரோ ஜன்னல் ஓரமாக நிற்கிறான், கையில் காபி கப். ஒரு கதை சியாட்டிலில் நடக்கிறது. இன்னொன்று செவ்வாய் கிரகத்தில். ஒரு கதையில் சீரியல் கில்லர், கடைசி வரியில் அவன்தான் போலீஸ். இரண்டு மூன்று கதைகளை ஏஐ எழுதிக் கொடுத்திருக்கிறது என்று முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. அதிலும் அதே ஜன்னல், அதே காபி.

எல்லாமே ஒரே கேம்பஸிலிருந்து வந்த கதைகள். ஆனால் ஒன்றில்கூட மெஸ் இல்லை. அவுட் பாஸ் இல்லை. அரியர் இல்லை. எட்டு பத்து பஸ்ஸை விட்டுவிட்டு கேட்டில் ஐடி கார்டைப் பிடுங்கக் கொடுத்து நிற்கிற யாரும் இல்லை. ஒருத்தர் ரூமிலும் கரண்ட் போகவில்லை. நாலு வருஷம் நாம் இருக்கிற இடம் நம் கதைகளில் இல்லவே இல்லை.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில்: "எழுத ஆசைதான்க்கா, ஆனா கரு கிடைக்க மாட்டேங்குது. உங்களுக்கெல்லாம் எங்கேருந்து வருது?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான். பதில் தெரிந்த பெரிய ரைட்டர் இல்லை நான். மொத்தம் ஆறு கதை எழுதியிருக்கிறேன், அதில் ஒன்றால் ஒரு தோழியை ஏறக்குறைய இழந்திருப்பேன். அதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் முதல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் பனி

நான் எழுதிய முதல் கதை லண்டனில் நடந்தது. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதியது. ஹீரோயின் பெயர் எம்மா. பனி பொழியப் பொழிய அவள் ஸ்டேஷனில் யாருக்காகவோ காத்திருப்பாள். நான் பனியை ஃப்ரீஸரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். விமான நிலையத்துக்கே ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் சித்தப்பாவை வழியனுப்ப.

ஏன் லண்டன்? நான் படித்த கதைகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. கதை என்றால் அங்கே நடப்பது, நம்ம வீட்டில் நடப்பது வெறும் தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்க தெருவில் தண்ணி லாரி வரும்போது குடத்தைப் போட்டு இடம் பிடிக்கிற சண்டை தினமும் நடக்கும். அது கதையாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து அசோகமித்திரன் ‘தண்ணீர்’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார் என்பது காலேஜ் வந்த பிறகுதான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அசோகமித்திரனை எனக்கு அதற்கு முன்பே தெரியும். சிபிஎஸ்இ படித்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். ‘போயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்’ என்று ஒரு பாடம். ஜெமினி ஸ்டுடியோ, லாரி லாரியாக வந்து இறங்கும் பான்கேக் மேக்கப், முகத்தைச் சுட்டெரிக்கும் பல்புகள். மார்க் வாங்குவதற்காக மனப்பாடம் செய்தோமே, அது அவர் எழுதியதுதான். ஒரு தமிழ் எழுத்தாளரை நான் முதன்முதலில் படித்தது இங்கிலீஷ் பரீட்சைக்காக!

அந்தப் பாடத்தில் ஒரு விஷயத்தை அப்போது கவனிக்கவில்லை. ஸ்டுடியோவில் அவருக்கு என்ன வேலை? பேப்பரிலிருந்து செய்திகளை வெட்டியெடுத்து, தலைப்புவாரியாக ஃபைலில் வைப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். இவன் சும்மாதான் இருக்கிறான் என்று நினைத்து, ஆளாளுக்கு வந்து அவரிடம் புலம்பிவிட்டுப் போவார்கள். அதில் ஒருவர் மேக்கப் டிபார்ட்மென்டின் ‘ஆபீஸ் பாய்’. பெயர்தான் பாய், வயது நாற்பதுக்கு மேல். நடிகராகவோ இயக்குநராகவோ ஆகலாம் என்று வந்து, கூட்டக் காட்சியில் வருகிறவர்கள் முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தவர். தன் திறமை வீணாகிவிட்டதே என்று அவர் கொட்டித் தீர்த்ததை எல்லாம் அசோகமித்திரன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

சுமார் 14 வருஷம் அங்கே இருந்தார். 1966-ல் வெளியே வந்தார். அதன் பிறகு சினிமா உலகத்தை வைத்து ‘கரைந்த நிழல்கள்’ நாவல் வந்தது. எத்தனையோ நட்சத்திரங்கள் நடமாடிய இடத்தில் இருந்தவர். கிசுகிசு எழுதியிருந்தாலே பிய்த்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் அந்த நாவலில் அவர் எழுதியது திரைக்குப் பின்னால் ஓடிக் களைத்துப்போகிற தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர் மாதிரி ஆட்களை.

அவருடைய ‘18வது அட்சக்கோடு’ இன்னும் சுவாரசியம். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்தபோது அவர் செகந்திராபாத்தில் இருந்தார், வயது 17-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாவல் வந்தது 1977-ல். கிட்டத்தட்ட 30 வருஷம் அது அவருக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

ஆக, கரு மின்னல் மாதிரி பளிச்சென்று அடிக்கும் என்று நாம் காத்திருக்கிறோமே, அது தவறு என்பது என் கட்சி. கரு நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. அதைக் கருவாக நாம் மதிப்பதில்லை, அவ்வளவுதான்.

"நம்ம லைஃப்ல என்னக்கா இருக்கு?"

இதைச் சொன்னதும் ஒரு மெக்கானிக்கல் தம்பி கேட்டான்: "அவருக்கு சினிமா ஸ்டுடியோ கிடைச்சுது. நமக்கு என்ன இருக்கு? லேப், ரெக்கார்டு, இன்டர்னல். இதுல என்ன கதை?"

அவனுக்கு பிரைமோ லெவியை அறிமுகப்படுத்தினேன். உங்களுக்கும்.

லெவி இத்தாலிக்காரர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். தொழிலால் கெமிஸ்ட். டூரின் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட், வார்னிஷ் தொழிற்சாலையில் சுமார் 30 வருஷம் வேலை பார்த்தார். 1975-ல் ‘தி பீரியாடிக் டேபிள்’ என்று ஒரு புத்தகம் போட்டார். மொத்தம் 21 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். முகாமைப் பற்றியும் வருகிறது. ஆனால் நிறைய இடத்தில் வருவது லேப்தான்.

‘குரோமியம்’ அத்தியாயத்தை மட்டும் சொல்கிறேன். முகாமிலிருந்து திரும்பி வந்து அவர் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில், பெயின்ட் எல்லாம் கட்டிதட்டிப் போய் மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஏன் இப்படி ஆச்சு என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பழைய டெஸ்ட் ரிப்போர்ட், அட்டை எல்லாவற்றையும் கிளறிக் கிளறிப் பார்க்கிறார். கடைசியில் பிடிபடுகிறது. மூலப்பொருளைச் சோதிக்கும்போது ஒரு ரசாயனத்தை 2 அல்லது 3 துளி விடவேண்டும். யாரோ படியெடுக்கும்போது அது 23 துளி ஆகிவிட்டது! அதனால் டெஸ்ட்டே அர்த்தமில்லாமல் போய், தரமில்லாத சரக்கெல்லாம் பாஸ் ஆகியிருக்கிறது. கெட்டுப்போன பெயின்ட்டைக் காப்பாற்ற அம்மோனியம் குளோரைடு சேர்க்கலாம் என்று லெவி வழி கண்டுபிடிக்கிறார். கதையின் கடைசியில்தான் வேடிக்கை. பல வருஷம் கழித்து, அந்தக் கெட்ட சரக்கெல்லாம் தீர்ந்து போன பிறகும், அந்தத் தொழிற்சாலையில் பெயின்ட்டுக்குள் அம்மோனியம் குளோரைடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏன் போடுகிறோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

படித்துவிட்டு நான் ஹாஸ்டலே அதிரச் சிரித்தேன். ஏனென்றால் எங்க டிபார்ட்மென்டில் ஒரு எக்ஸ்பெரிமென்ட்டின் ரெக்கார்டில் அம்மீட்டரை பேரலலாக வரைந்திருக்கும். (இஇஇ அல்லாதவர்களுக்கு: அம்மீட்டரை சீரியஸில்தான் போடணும். பேரலலில் போட்டால் புகை வரும்.) நான் என் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தேன், அவங்க அவங்க சீனியரைப் பார்த்து வரைந்தாங்க. என் ஜூனியர் என்னைப் பார்த்து வரைந்துவிட்டாள். எத்தனை பேட்ச்சாக இந்த அம்மீட்டர் இப்படிப் பயணம் செய்கிறதோ! லெவி கையில் கிடைத்திருந்தால் இதற்கும் ஒரு அத்தியாயம் எழுதியிருப்பார். நமக்குக் கிடைத்தது, நாம் ரெக்கார்டில் சைன் வாங்கிக்கொண்டு போய்விட்டோம்.

நம்ம சுஜாதா சாரையே எடுத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை எம்ஐடி, பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் என்று பக்கா இன்ஜினியர் வாழ்க்கை. ரோபோ கதைகளுக்காகத்தான் நமக்கு அவரைத் தெரியும். ஆனால் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ படித்துப் பாருங்கள். பாட்டி வீட்டில் வளர்ந்த ஊர், அந்தத் தெரு, அங்கே இருந்த மனிதர்கள். அந்த ஊரை விட்டுப் போன பிறகும் கதைகளுக்காக அவர் அங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

"தமிழே வராதே!"

இது என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆட்களின் புலம்பல். நான் படித்த பள்ளியில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் ஃபைன். திட்டுவதற்கும் அழுவதற்கும் மட்டும் தமிழ் வரும், மற்றதெல்லாம் இங்கிலீஷ். அதனால் தமிழில் கதை எழுத உட்கார்ந்தால் கை தானாகவே "அவளது விழிகளில் சோகம் ததும்பியது" என்று போய்விடும். நிஜத்தில் ஒருத்தருடைய விழியில் சோகம் ததும்பி நான் பார்த்ததில்லை. "மூஞ்ச தொங்கப் போட்டிருந்தா" என்றுதான் பார்த்திருக்கிறேன்.

கி.ராஜநாராயணன் இடைசெவல்காரர், பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். கரிசல் காட்டு விவசாயிகள் பேசுகிற சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து அகராதியாகவே போட்டார். நாட்டுப்புறக் கதைகளையும் அப்படித்தான் சேர்த்தார். அதே பேச்சில் எழுதிய ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-ல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியராக உட்காரவைத்தது. அவருக்குக் கதையும் சொல்லும் தனித்தனியாக வரவில்லை. யாரிடம் கதை கேட்டாரோ அவர்களிடமிருந்துதான் சொல்லும் வந்தது.

நம்ம கேம்பஸ் மட்டும் என்ன குறைந்தது? முதல் வருஷம் வொர்க்‌ஷாப்பில் நாம் ‘பிளேன்’ என்று சொன்னதை இன்ஸ்ட்ரக்டர் இழைப்புளி என்றார். ‘ஃபைல்’ அவருக்கு அரம், ‘ட்ரை ஸ்கொயர்’ மூலைமட்டம். "அரத்த முன்னாடி தள்ளும்போதுதான் அழுத்தணும், இழுக்கும்போது அழுத்தக் கூடாது" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கண்டோனேஷன் கட்டுவது, ஓடி வாங்குவது, அரியர் தூக்குவது இதெல்லாம் எந்த அகராதியிலும் இல்லாத நம்ம தமிழ். அதிலேயே எழுதலாம். நன்றாகவே இருக்கும்.

"அப்போ கற்பனையே வேண்டாமா?"

செவ்வாய் கிரகக் கதை அனுப்பியவர் கோபப்படலாம். பார்த்ததைத்தான் எழுதணும்னா சயின்ஸ் ஃபிக்‌ஷன் எப்படி வரும்?

நியாயமான கேள்வி. அதற்கு உலகத்தின் முதல் சயின்ஸ் ஃபிக்‌ஷன் நாவல் என்று பலரும் சொல்கிற ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எப்படி வந்தது என்று பார்ப்போம். 1815 ஏப்ரலில் இந்தோனேஷியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் வாயுவும் வானத்தில் பரவி, அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குச் சரியான கோடையே வரவில்லை. 1816-ல் ஜெனிவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனின் வீட்டுக்கு வந்த நண்பர்கள் வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தார்கள். அங்கேயும் மழைதான்! ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். மேரி ஷெல்லிக்கு அப்போது 18 வயது, நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்க வயசு. நாள் கணக்கில் ஒன்றும் தோன்றவில்லை. "கதை கிடைச்சுதா?" என்று தினம் காலையில் கேட்பார்களாம், இல்லை என்று சொல்லவேண்டியிருந்ததாம். பிறகு ஒரு ராத்திரி, தூக்கமும் விழிப்புமாக இருந்தபோது அந்தக் காட்சி வந்தது. உயிரில்லாத உடல் எழுந்திருக்கிறது, உண்டாக்கியவன் பயந்து நிற்கிறான்.

"பாத்தீங்களா, கனவுல வந்துச்சு" என்று சொல்லாதீர்கள். கனவுக்குள் என்னென்ன கிடந்தது என்று பாருங்கள். கால்வானி செத்த தவளையின் காலில் மின்சாரம் பட்டால் துடிக்கும் என்று காட்டியிருந்தார். 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் அவருடைய மருமகன் அல்தீனி கரண்ட் பாய்ச்சிக் காட்டினார், முகம் கோணியது, கை உயர்ந்தது. உயிர் என்பதே மின்சாரமோ என்று ஊரெல்லாம் பேச்சு. பைரன் வீட்டிலும் ராத்திரிகளில் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1815 பிப்ரவரியில் மேரிக்கு ஒரு பெண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இரண்டு வாரத்துக்குள் இறந்துபோனது. சில நாள் கழித்து ஒரு கனவு கண்டதாக அவர் டைரியில் எழுதியிருக்கிறார். குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் கிடந்தது, நெருப்புக்கு முன்னால் வைத்துத் தேய்த்ததும் உயிர் வந்துவிட்டது என்று. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை.

இது தெரிந்த பிறகு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது. நாவலில் அந்தக் குழந்தை எங்கேயும் வராது. ஆனால் செத்ததை எழுப்ப முடியாதா என்கிற ஏக்கமும் பயமும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. செவ்வாய்க்கே போங்கள், 2150-க்கே போங்கள். போகும்போது உங்களை உறுத்துகிற ஒன்றைக் கூட எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உறுத்தல். இந்தச் சொல்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கண்ணில் தூசி விழுந்த மாதிரி, செருப்பில் கல் புகுந்த மாதிரி, அது இருக்கிற வரைக்கும் நிம்மதி இல்லை. கரு என்றால் எனக்கு அதுதான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தோடு

இரண்டாம் வருஷத்தில் நான் எழுதிய ‘தோடு’ கதை இதே இதழில் வந்தது. சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

என் ரூம்மேட் செமஸ்டர் லீவ் முடிந்து திரும்பி வந்தபோது காதில் தோடு இல்லை. ஓட்டை தூர்ந்து போகாமல் இருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி சொருகியிருந்தாள். ஒரு வாரம் கழித்து ராத்திரியில் அவளே சொன்னாள். ஃபீஸ் கட்ட அப்பாவும் அவளும் வந்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் எண்ணிப் பார்த்தால் மூவாயிரத்து சொச்சம் குறைகிறது. அவளே தோட்டைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து அடகுக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, பணம் கட்டி, ரசீது வாங்கி, அவளுக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதிருக்கிறார்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று நாளில் கதையை எழுதிவிட்டேன். பெயரை மாற்றினேன். டிபார்ட்மென்டை மாற்றினேன். ஊரை மாற்றினேன். வேப்பங்குச்சியை மட்டும் மாற்றவில்லை. அதுதான் கதையிலேயே நல்ல இடம் என்று எனக்குத் தெரியும்.

கதை வந்த அன்று எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் காலையில் கிளாஸில் எல்லோரும் அவள் காதைப் பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் ரூமுக்கு வந்தபோது அவள் காதில் குச்சி இல்லை.

நாலு நாள் என்னோடு பேசவில்லை. அஞ்சாவது நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாத்தான்டி எழுதியிருக்க. எல்லாத்தையும் எழுதிட்ட. நீ என்கிட்ட கேட்டத மட்டும் விட்டுட்ட."

நான் கேட்டது இதுதான். அவள் லீவிலிருந்து வந்து பையை இறக்கி வைத்த நிமிஷம், காதைப் பார்த்துவிட்டு நான் சிரித்தபடி கேட்டேன்: "என்னடி இது, புது ஃபேஷனா?"

இந்த ஒரு வரி என் கதையில் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னைத் தூங்கவிடாமல் உறுத்தியது அதுதான். அவள் வீட்டுக் கஷ்டம் இல்லை. கவுன்ட்டரில் பணம் எண்ணுகிற பழக்கமே இல்லாத, வேப்பங்குச்சியைப் பார்த்தால் ஃபேஷன் என்று நினைக்கிற நான். அது என் கதை, எழுத எனக்கு முழு உரிமை இருந்தது. அதை எழுதப் பயந்து, அவள் அப்பாவின் கண்ணீரை எடுத்துப் போட்டுப் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

எழுதுகிறவர்கள் எல்லோருமே அடுத்தவர் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள், இதில் என்ன தப்பு என்று சிலர் என்னிடம் சொன்னார்கள். எடுக்கத்தான் வேண்டும், வேறு வழியே இல்லை. ஆனால் பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்பது ஏமாற்று வேலை. அவளை மறைக்க நான் செய்ததெல்லாம் அட்டை மாற்றிய ரெக்கார்டு மாதிரிதான், உள்ளே அப்படியே இருந்தது. மேரி ஷெல்லி தன் குழந்தையை எழுதாமல் அந்த வலியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். அசோகமித்திரன் 30 வருஷம் பொறுத்தார். எனக்கு மூன்று நாள்கூடப் பொறுமை இல்லை.

ஏஐ விஷயத்திலும் எனக்கு இதுதான் தோன்றுகிறது. மற்றவர்கள் எழுதிய வேப்பங்குச்சி அதற்கு ஆயிரம் கிடைக்கும், அழகாகவும் எழுதிவிடும். "புது ஃபேஷனா?" என்று கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தது நான்தான். அதை அதனிடம் கொடுத்து எழுதச் சொன்னால் நான் எதற்கு?

அடுத்த இதழுக்கு

சரி, அட்வைஸ் போதும், வேலைக்கு வருவோம்.

அடுத்த போட்டிக்குக் கதை எழுத உட்காரும்போது மழையைத் தேடாதீர்கள். இந்த நாலு வருஷத்தில் எந்தச் சம்பவம் ஞாபகம் வந்தால் உங்களுக்குக் காது சூடாகிறது என்று யோசியுங்கள். வைவாவில் மாட்டிக்கொண்டதாக இருக்கலாம். கம்பெனி வந்தபோது ஷார்ட்லிஸ்ட்டில் உங்கள் பெயர் இருந்து நண்பன் பெயர் இல்லாதபோது, அவனைப் பார்த்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போன் பேசுவது மாதிரி நடித்ததாக இருக்கலாம். அப்பா காலேஜுக்கு வந்தபோது அவரைக் கேட்டிலேயே பேசி அனுப்பிவிட்டதாக இருக்கலாம். யாரிடமும் சொல்லாத அந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

நடுவில் அடுத்தவருடைய விஷயம் வந்தால், அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படிக்கக் கொடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டுரையை நான் என் ரூம்மேட்டிடம் கொடுத்தேன். இப்போதும் அதே ரூம்தான். அவள் பேனாவை எடுத்து இரண்டு இடத்தில் அடித்தாள். எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ரோஸ் மில்க்கையும் அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இருக்கட்டும்" என்றாள்.

அப்புறம், மெஸ் அண்ணாவோ லேப் அசிஸ்டன்ட்டோ வாட்ச்மேன் தாத்தாவோ உங்களிடம் வந்து புலம்பினால், இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். அன்றைக்கே கதையாக்க வேண்டாம், சும்மா கேட்டு வையுங்கள்.

கடைசித் தேதி அடுத்த மாதம் பதினைந்து. எப்படியும் தள்ளிப் போடுவோம் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஜன்னலும் காபியும் இல்லாத கதையாக அனுப்புங்கள். அதுவும் வேண்டும் என்றால், அது மெஸ் காபியாக இருக்கட்டும். அதைக் குடித்தவர்களுக்குத்தான் அதில் எவ்வளவு சோகம் இருக்கிறது என்று தெரியும்.